காணாமல் போன தண்ணீர், ஒளிந்திருந்த டைட்டானியம்

நான் வேதியியல் படித்தவள். திருச்சியில் கல்லூரி ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்து, ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே ‘கார்பனேட் இல்லை’, ‘சல்பைடு இல்லை’ என்று பதிவேட்டில் எழுதிப் பழகியவள். இன்று ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள கோள்களின் காற்றில் இரும்பு உண்டா, தண்ணீர் உண்டா, டைட்டானியம் உண்டா என்று தேடுவது என் தொழில். சோதனைக்குழாய் இல்லை, பன்சன் விளக்கு இல்லை. கைக்கு வருவது ஒளி மட்டுமே. இத்தனை ஆண்டு இந்த வேலையில் ஊறிய பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று உண்டு. ஒரு பொருள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைவிட, அது ஏன் காணவில்லை என்று சரியாகச் சொல்வதில்தான் இந்தத் துறையின் உயிர் இருக்கிறது.

நான் ஆராயும் கோள்களை ‘அதிவெப்ப வியாழன்கள்’ என்கிறோம். நம் வியாழனைப் போலவே ஹைட்ரஜனும் ஹீலியமும் நிறைந்த பெருங்கோள்கள்தான். ஆனால் தங்கள் விண்மீனை ஒட்டினாற்போல் சுற்றுகின்றன. அங்கே ஓராண்டு என்பது நம் கணக்கில் ஒன்றிரண்டு நாள். எப்போதும் ஒரே முகத்தை விண்மீன் பக்கம் காட்டியபடி சுற்றுவதால் ஒரு பாதியில் ஓயாத பகல், மறு பாதியில் விடியாத இரவு. பகல் பக்கத்தின் வெப்பம் சுமார் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய கோள்களுக்குத்தான் இந்தப் பெயர்.

இவற்றின் மேல் எனக்கு ஏன் இத்தனை ஈடுபாடு என்பதைச் சொல்ல நம் வியாழனிடமிருந்து தொடங்க வேண்டும். வியாழன் நமக்குப் பக்கத்திலேயே இருந்தும் தன்னுள் இருப்பதை எளிதில் காட்டுவதில்லை. அதன் மேலடுக்கு கடுங்குளிர். இரும்பு, சிலிக்கன், கால்சியம் எல்லாம் கருவிகளின் பார்வைக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கின்றன. தண்ணீர்கூட மேகமாகி உள்ளே இறங்கிவிட்டது. 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக்கலம் வியாழனுக்குள் பாய்ந்தது. பூமியின் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 22 மடங்கு அழுத்தம் வரை இறங்கி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தகவல் அனுப்பிவிட்டு அடங்கியது. அது விழுந்த இடம் வறண்ட பகுதி. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த தண்ணீரே தென்பட்டது. நேரில் ஒரு கலத்தையே இறக்கிய கோளின் ஆக்ஸிஜன் கணக்கு இன்னும் முழுதாக முடிந்தபாடில்லை.

அதிவெப்ப வியாழனில் நிலைமை தலைகீழ். அங்கே பகல் பக்கத்தில் பாறையே ஆவியாகிக் காற்றோடு கலந்திருக்கிறது. இரும்பும் மக்னீசியமும் சிலிக்கனும் வாயு; தண்ணீரிலும் கார்பன் மோனாக்ஸைடிலும் இருந்து வந்த ஆக்ஸிஜனும் வாயு. ஒரு கோள் பிறந்தபோது எவ்வளவு பாறையைச் சேர்த்துக்கொண்டது, எவ்வளவு பனிக்கட்டியைச் சேர்த்துக்கொண்டது என்பதை ஒரே காற்றில் சேர்த்து அளக்க முடிகிற இடம் இதுதான். கோள்கள் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்ற கேள்விக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அளப்பதற்கு முன் ஒரு சிக்கலைக் கடக்க வேண்டும். நிறமாலையில் ஒரு பொருளின் கோடுகள் தெரியவில்லை என்றால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அந்தப் பொருள் உண்மையிலேயே அங்கே இல்லாமல் இருக்கலாம். இருந்தும், வெப்பத்தில் உடைந்தோ எலக்ட்ரானை இழந்தோ வேறு உருவில் இருக்கலாம். அல்லது இரவுப் பக்கத்தில் குளிர்ந்து துகளாகி, நம் பார்வைக்கு எட்டாத ஆழத்தில் இறங்கியிருக்கலாம். தொலைநோக்கிக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேதியியல் தெரிந்தவருக்கு மூன்றும் வேறு.

2017 ஜூனில் கெல்ட்-9பி என்ற கோளின் கண்டுபிடிப்பு வெளியானபோது நான் குளிர்ந்த விண்மீன்களின் ஒளியில் மூலக்கூறுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள, புகைப்படக்காரர்கள் வாங்கும் வகை லென்ஸ் பொருத்திய சிறு தொலைநோக்கி அடையாளம் காட்டிய கோள் அது. அன்னம் விண்மீன் தொகுதியில், சுமார் 670 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் விண்மீனின் வெப்பம் 10,000 கெல்வினுக்கு மேல். நம் சூரியனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கோளின் பகல் பக்கமே சுமார் 4,300 டிகிரி செல்சியஸ். வானத்தில் பெரும்பான்மையாக இருக்கும் சிவப்புக் குறுமீன்களைவிட இந்தக் கோள் சூடானது.

என் பேராசிரியர் அந்தக் கட்டுரையை மேசையில் வைத்து, “இந்த வெப்பத்தில் எந்த மூலக்கூறு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுச் சொல்” என்றார். எனக்குப் பழக்கமான கணக்குதான். ஒரு வாயுக் கலவையின் வெப்பமும் அழுத்தமும் தெரிந்தால், அதன் கிப்ஸ் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் கலவை எது என்று தேட வேண்டும். சூடு மிகுந்த இடத்தில் மோதல்கள் அவ்வளவு வேகமாக நடப்பதால் வேதிச் சமநிலை உடனுக்குடன் வந்துவிடும். அதனால் பகல் பக்கத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். விடை வந்தபோது ஏறக்குறைய மூலக்கூறே மிஞ்சவில்லை. தண்ணீர் உடைந்து போயிற்று. ஹைட்ரஜன் மூலக்கூறும் அணுக்களாகப் பிரிந்தது. உலோகங்களில் பலவும் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகிவிட்டன.

அயனிகளின் விகிதத்தைத் தந்தது 1920-இல் மேக்நாத் சாஹா வெளியிட்ட சமன்பாடு. சூரியனின் நிறமண்டலத்தில் கால்சியம் அயனியின் கோடுகள் ஏன் அவ்வளவு உயரம் வரை தெரிகின்றன என்பதை விளக்க அவர் அதைப் பயன்படுத்தினார். வெப்பம் கூடினாலும், அழுத்தம் குறைந்தாலும் அணுக்கள் எலக்ட்ரானை இழப்பது பெருகும் என்பது அதன் சாரம். எம்.எஸ்சி. தேர்வுக்காக நான் வரி வரியாக எழுதிப் பார்த்த சமன்பாடு, ஒரு கோளின் காற்றுக்கு அப்படியே பொருந்தி வந்ததைக் கண்ட அன்றுதான் என் ஆராய்ச்சியின் திசை மாறியது. சாஹா விண்மீன்களுக்காக எழுதியதை நாங்கள் இப்போது கோள்களுக்குப் பயன்படுத்துகிறோம். கெல்ட்-9பி-யிலும் வாஸ்ப்-33பி என்ற இன்னொரு அதிவெப்பக் கோளிலும் கால்சியம் அயனியையே 2019-இல் கண்டார்கள்.

2018 ஆகஸ்டில் யென்ஸ் ஹூயிமாக்கர்ஸும் அவர் குழுவினரும் கெல்ட்-9பி-யின் காற்றில் இரும்பு அணுவையும், இரும்பு, டைட்டானியம் அயனிகளையும் கண்டதாக ‘நேச்சர்’ இதழில் அறிவித்தார்கள். ஒரு புறக்கோளின் காற்றில் இரும்பை நேரடியாகக் கண்டது அதுவே முதல் முறை. கனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில், 3.58 மீட்டர் விட்டமுள்ள கலிலியோ தேசியத் தொலைநோக்கியோடு இணைந்த ஹார்ப்ஸ்-என் நிறமாலைமானி எடுத்த ஒரே இரவின் தரவு அதற்குப் போதுமானதாக இருந்தது.

பின்னாளில் நானும் அந்த மலைக்குப் போய் வேலை செய்தேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம். மேகம் பெரும்பாலும் காலுக்குக் கீழே நிற்கும். கிழக்கே சகாரா. அங்கிருந்து புழுதி கிளம்பி வரும் நாட்களை ஊர்க்காரர்கள் கலிமா என்பார்கள். அன்று வானத்தில் மேகமே இல்லாவிட்டாலும் விண்மீன் மங்கிவிடும். கண்ணாடியில் புழுதி படியும் அளவுக்கு வந்தால் குவிமாடத்தைத் திறக்க விடமாட்டார்கள். கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும் இடைநகர்வு, குறித்த இரவில் குறித்த சில மணி நேரமே நடக்கும். அதற்காகவே வாங்கிய இரவு புழுதியில் போனால், அடுத்த வாய்ப்புக்கு அந்தப் பருவமே கடந்துவிடும்.

வானம் திறந்த இரவில் நடப்பதைச் சற்று நெருங்கிச் சொல்கிறேன். கெல்ட்-9பி-யின் இடைநகர்வு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து, சில நிமிடங்களுக்கு ஒன்றாக நிறமாலை எடுத்துக்கொண்டே போவோம். விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பங்கு கோளின் காற்று விளிம்பை ஊடுருவி நம்மை வந்தடைகிறது. அந்தப் பங்கில் இரும்பு அணுக்கள் தங்களுக்குரிய அலைநீளங்களை மட்டும் விழுங்கிவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு கோடும் தனியாகப் பார்த்தால் இரைச்சலுக்குள் மூழ்கியே கிடக்கும்.

மறுநாள் இந்த நிறமாலைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கித் திரையில் பார்ப்போம். நேர் செங்குத்தாக இறங்கும் கறுப்புப் பட்டைகள் பூமியின் நீராவியும் ஆக்ஸிஜனும், அவை நகர்வதில்லை. விண்மீனின் கோடுகளும் அநேகமாக நகர்வதில்லை. கோள் மட்டும் நகர்கிறது. இடைநகர்வின் தொடக்கத்தில் தன் விண்மீனோடு ஒப்பிட விநாடிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வரும் கோள், முடிவில் அதே வேகத்தில் நம்மைவிட்டு விலகுகிறது. அதனால் டாப்ளர் விளைவில் அதன் இரும்புக் கோடுகள் நீலப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கத்துக்குச் சாய்வாக நகர வேண்டும். நகராத எல்லாவற்றையும் கழித்துவிட்டால் எஞ்சும் இரைச்சலுக்குள் அந்தச் சாய்வு புதைந்திருக்கும்.

அதை வெளியே எடுப்பதற்குத்தான் கிராஸ்-கோரிலேஷன். இரும்புக்கு எந்தெந்த அலைநீளங்களில் கோடுகள் உண்டு என்று ஆய்வகங்கள் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும் ஆயிரக்கணக்கில் வரும். அந்தப் பட்டியலை ஓர் அச்சாக வைத்து, ஒவ்வொரு வேகத்துக்கும் தள்ளித் தள்ளிப் பொருத்திப் பார்ப்போம். தேர் வடத்தில் ஒருவர் கையின் பலம் தெரியாது. ஆயிரம் கைகள் ஒரே திசையில் இழுக்கும்போதுதான் தேர் நகரும். அப்படித்தான் ஆயிரம் கோடுகளின் சிறு சிறு பங்குகள் ஒரே வேகத்தில் கூடும்போது கோளின் இரும்பு வெளிப்படும். திரையில் அந்தச் சாய்கோடு முதல்முறை தெளிந்து வந்தபோது, நாற்காலியை விட்டு எழுந்து நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். யாரும் தொட முடியாத ஓர் இடத்தில் இருக்கும் உலோகம் என் மேசையில் ஒரு கோடாக நின்றது.

ஏமாற்றும் கோடுகளும் உண்டு. சுழலும் விண்மீனின் முகத்தில் கோள் மறைக்கும் இடம் மாறிக்கொண்டே போவதால், விண்மீனின் இரும்புக் கோடுகளிலேயே ஒரு போலித் தடம் விழும். அதை டாப்ளர் நிழல் என்போம். அது கோளின் தடத்தின் குறுக்கே விழுந்தால் இரண்டையும் பிரிக்க மிகுந்த பொறுமை வேண்டும். இதையெல்லாம் நீக்கிய பிறகே வேதியியல் தொடங்குகிறது.

முதலில் தண்ணீரின் கதை. வாஸ்ப்-18பி என்று ஒரு கோள். வியாழனைப் போல 10 மடங்கு நிறை. ஓராண்டு ஒரு நாளுக்கும் குறைவு. ஹப்பிள் தொலைநோக்கி அதன் பகல் பக்க ஒளியை அளந்தபோது, 1.4 மைக்ரான் அலைநீளத்தில் தண்ணீருக்குரிய தடயம் தெரியவில்லை. வேறு சில அதிவெப்பக் கோள்களின் நிறமாலையும் இப்படியே வழுவழுவென்று இருந்தது. 2017-இல் ஒரு குழு இதற்கு ஒரு விளக்கம் சொன்னது: இந்தக் கோளில் கார்பன் ஆக்ஸிஜனுக்கு நிகராக மிகுந்திருக்கிறது, ஆக்ஸிஜனைக் கார்பன் மோனாக்ஸைடு பிடித்துக்கொண்டதால் தண்ணீருக்கு மிஞ்சவில்லை, கன தனிமங்களும் சூரியனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். அந்த எண்கள் சரியென்றால் அந்தக் கோளின் பிறப்புக் கதையே விசித்திரமானதாக இருந்திருக்கும்.

2018-இல் பல குழுக்கள் தனித்தனியாக வேறொரு விடைக்கு வந்தன. 2,500 கெல்வினுக்கு மேல், மெல்லிய மேலடுக்குகளில், தண்ணீர் மூலக்கூறு தாங்காது. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாக உடைந்துவிடும். அதோடு நிற்கவில்லை. சோடியம், பொட்டாசியம் போன்றவை இழந்த எலக்ட்ரான்களை ஹைட்ரஜன் அணுக்கள் பற்றிக்கொண்டு எதிர்மின் ஹைட்ரஜன் அயனிகளாகின்றன. அந்த இரண்டாவது எலக்ட்ரான் வெறும் 0.75 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் எந்த ஒளி வந்தாலும் அதைப் பிய்த்துவிடும். அதனால் அகன்ற அலைநீளப் பரப்பில் அந்த அயனி ஒளியை விழுங்கும். சூரியனின் மேற்பரப்பு ஒளிபுகாமல் இருப்பதற்கும் இதே அயனிதான் காரணம் என்று ருப்பெர்ட் வில்ட் 1939-இலேயே சொல்லியிருந்தார். ஆக, அந்தக் கோள்களில் தண்ணீர் பாதி உடைந்திருந்தது. மீதியின் மேல் ஒரு திரை விழுந்திருந்தது. ஆக்ஸிஜன் எங்கும் போகவில்லை.

இந்த விடை சரியா என்று பார்க்க ஒரு நேர்வழி இருந்தது. தண்ணீர் உடைந்திருந்தால் அதன் உடைசலான ஹைட்ராக்ஸில் அங்கே இருந்தாக வேண்டும். 2021-இல் ஸ்டீவனஸ் நுக்ரோஹோவின் குழு, ஹவாயில் உள்ள ஜப்பானின் சுபாரு தொலைநோக்கியைக் கொண்டு வாஸ்ப்-33பி-யின் பகல் பக்கத்தில் ஹைட்ராக்ஸிலைக் கண்டது. அந்தக் கட்டுரையைப் படித்த நாளை நான் மறக்கமாட்டேன். ஒரு வேதி வினையின் விளைபொருளைப் பார்த்து வினையையே உறுதிப்படுத்துவது நாங்கள் கல்லூரியில் கற்ற முதல் பாடம். அதை நானூறு ஒளியாண்டுக்கு அப்பாலும் செய்ய முடிந்தது.

பிறகு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வந்தது. 2023-இல் லூயி-பிலிப் கூலோம்பின் குழு வாஸ்ப்-18பி-யின் பகல் பக்கத்தை வெப் கொண்டு அளந்து வெளியிட்ட நிறமாலையில் தண்ணீரின் மெல்லிய அடையாளம் இருந்தது. ஏறத்தாழ 2,700 டிகிரி வெப்பத்திலும் சிறு அளவு தண்ணீர் மிஞ்சியிருந்தது. கன தனிமங்களின் அளவும் சூரியனை ஒட்டியே இருந்தது. முன்பு சொன்ன விசித்திரப் பிறப்புக் கதைக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. நான் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே இந்தக் கோளைப் பாடமாக வைக்கிறேன். உடைந்து போனதை இல்லாமல் போனதாகக் கொண்டால், ஒரு கோளின் வரலாற்றையே தவறாக எழுதிவிடுவோம்.

உடைவதில் இன்னொரு அழகும் உண்டு. பகல் பக்கத்தில் அணுக்களாகப் பிரிந்த ஹைட்ரஜன், காற்றோடு இரவுப் பக்கம் போனதும் மீண்டும் மூலக்கூறாகச் சேர்கிறது. பிரிக்கும்போது வாங்கிய ஆற்றலைச் சேரும்போது திருப்பிக் கொடுக்கிறது. 2018-இல் டெய்லர் பெல், நிக்கோலஸ் கோவன் இருவரும் இந்தக் கணக்கைச் செய்து காட்டினார்கள். வேதியியல் ஒரு கோளின் இரவையே சூடேற்றுகிறது என்பது, வேதியியல் படித்த எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

டைட்டானியத்தின் கதை இன்னும் நீளமானது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை டைட்டானியம் ஆக்ஸைடு பேராசையோடு விழுங்கும். 2003-லேயே இவான் ஹுபெனியும் சகாக்களும், சூடான கோள்களின் மேலடுக்கில் இந்த மூலக்கூறு இருந்தால் அங்கே வெப்பம் உயரத்தோடு கூட வேண்டும், பூமியில் ஓசோன் செய்வதைப் போல, என்று காட்டினார்கள். அதன்பின் அதைத் தேடாத குழு இல்லை. ஒரு கோளில் கண்டேன் என்பார் ஒருவர்; அடுத்தவர் காணவில்லை என்பார்.

இதில் ஒரு தடை வானத்தில் இல்லை, பட்டியலில் இருந்தது. கிராஸ்-கோரிலேஷனுக்கு ஒவ்வொரு கோட்டின் அலைநீளமும் இம்மி பிசகாமல் தெரிய வேண்டும். டைட்டானியம் ஆக்ஸைடுக்குக் கோடுகள் கோடிக்கணக்கில் உண்டு. அவற்றைக் கணக்கிட்டு வைத்திருந்த பழைய பட்டியல்களில் பல இடங்களில் அலைநீளம் சற்று விலகியிருந்தது. ஆயிரம் கைகளும் ஆளுக்கொரு திசையில் இழுத்தால் என்ன ஆகும்? கோளில் மூலக்கூறு இருந்தாலும் நமக்குத் தெரியாது. 2019-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜை மையமாகக் கொண்ட எக்ஸோமால் திட்டத்தினர் புதிய பட்டியலை வெளியிட்டார்கள். அதன்பின் 2022-இல் பிபியானா பிரினோத்தின் குழு வாஸ்ப்-189பி-யில் டைட்டானியம் ஆக்ஸைடைத் தெளிவாகக் கண்டது. தொலைநோக்கிக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்காவது இந்தப் பட்டியல்களைச் செதுக்குகிறவர்களுக்குப் போக வேண்டும் என்று நான் மேடைதோறும் சொல்லி வருகிறேன். அவர்கள் இல்லாமல் எங்களுக்கு ஒரு மூலக்கூறும் இல்லை.

பட்டியல் சரியான பிறகும் வாஸ்ப்-121பி-யில் டைட்டானியம் தெரியவில்லை. சுமார் 880 ஒளியாண்டு தொலைவில் உள்ள இந்தக் கோளில் இரும்பு உண்டு, குரோமியம் உண்டு, வனேடியம் உண்டு. விண்மீனில் டைட்டானியம் இருக்கும்போது அதே பொருளிலிருந்து பிறந்த கோளில் மட்டும் இல்லாமல் போக வழியில்லை. நானும் ஐரோப்பியத் தெற்கு வான்காணகத்தின் பொதுக் காப்பகத்தில் கிடைத்த தரவை எடுத்துத் தேடினேன், எனக்கும் தெரியவில்லை. இங்கேதான் மூன்றாவது காரணம் வருகிறது. பகல் பக்கம் 3,000 டிகிரியை எட்டினாலும் இரவுப் பக்கம் 1,500 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. வாயு குளிரும்போது எல்லாம் ஒன்றாக உறைவதில்லை, வரிசை உண்டு. அலுமினியத்தின் ஆக்ஸைடும், கால்சியமும் டைட்டானியமும் சேர்ந்த பெரோவ்ஸ்கைட்டும் முதலில் துகளாகும். இரும்பும் மக்னீசிய சிலிக்கேட்டும் அதற்குப் பின்னர்தான். எனவே இரவில் முதலில் துகளாகிக் கீழே இறங்குவது டைட்டானியம். காற்று அதை மீண்டும் மேலே தூக்கிவரும் அளவுக்குக் கலக்காவிட்டால், பகலில் அது நம் கண்ணில் படாது. இதைக் குளிர்ப்பொறி என்கிறோம்.

வாஸ்ப்-76பி-யிலும் இதே வரிசையைக் கண்டார்கள். 2023-இல் ஸ்டெஃபான் பெல்டியேவின் குழு ஹவாயில் ஜெமினி தொலைநோக்கியின் மரூன்-எக்ஸ் கருவி கொண்டு 11 தனிமங்களின் அளவைக் கணக்கிட்டது. பல தனிமங்கள் சூரியனின் விகிதத்தையே ஒத்திருந்தன. மிக அதிக வெப்பத்திலேயே உறையும் டைட்டானியம், அலுமினியம், ஸ்காண்டியம் ஆகியவை மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தன. குறைந்த தனிமங்களின் பட்டியலே அந்தக் கோளின் இரவுப் பக்க வெப்பத்தைக் காட்டிக் கொடுத்தது. நாம் பார்க்கவே முடியாத இரவை, பகலில் காணாமல் போனவற்றைக் கொண்டு அளந்துவிட்டோம்!

பிறகு 2025-இல் வாஸ்ப்-121பி-யின் முடிச்சும் தளர்ந்தது. சிலியில் பரனால் மலையில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கின் ஒளியையும் ஒன்றாகச் சேர்த்து எஸ்பிரெஸ்ஸோ நிறமாலைமானிக்குள் செலுத்தியபோது டைட்டானியம் தெரிந்தது. அதே தரவு காற்றின் அடுக்குகளையும் பிரித்துக் காட்டியது: கீழே இரும்பின் ஓட்டம், நடுவில் சோடியத்தைச் சுமந்து சுழலும் பெருங்காற்று, மேலே வெளியேறத் துடிக்கும் ஹைட்ரஜன். டைட்டானியம் அந்தப் பெருங்காற்றுக்குக் கீழே தங்கியிருந்தது. அதுவரை நாங்கள் எல்லோரும் தேடிய உயரத்தில் அது இல்லை. அதே ஆண்டு வெப் தொலைநோக்கி, அந்தக் கோளின் இரவுப் பக்கத்தில் மீத்தேனைக் கண்டது. அவ்வளவு சூடான கோளில் மீத்தேன் நிலைக்காது என்றே சமநிலைக் கணக்கு சொல்லும். ஆழத்திலிருந்து வாயு விரைந்து மேலே வருவதால்தான் அது அங்கே இருக்கிறது என்பது விளக்கம். ஒரு பக்கம் டைட்டானியம் இறங்குகிறது, மறுபக்கம் மீத்தேன் ஏறுகிறது. இரண்டையும் ஒரே காற்றோட்டக் கணக்கில் பொருத்துவதுதான் இப்போது எங்கள் குழுவின் வேலை.

வாஸ்ப்-76பி-யின் இரும்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2020 மார்ச்சில் டேவிட் எஹ்ரன்ரைக்கின் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு ‘இரும்பு மழை’ என்று உலகமெங்கும் செய்தியானது. பகலிலிருந்து இரவுக்குள் நுழையும் அந்தி விளிம்பில் இரும்பு தெரிந்தது. இரவிலிருந்து பகலுக்கு வரும் விடியல் விளிம்பில் தெரியவில்லை. இரவில் இரும்பு துளியாகிப் பொழிந்துவிட்டது என்பது அவர்கள் விளக்கம். அவதானிப்பு உறுதியானது, வேறொரு கருவியின் தரவிலும் அதே சாய்வு கிடைத்தது. விளக்கம் பற்றித்தான் விவாதம் தொடர்ந்தது. விடியல் விளிம்பு குளிர்ந்திருந்தால் அங்கே காற்று சுருங்கி, இரும்பு இருந்தும் குறைவாகத் தெரியலாம் என்று ஒரு கணக்கு காட்டியது. உயரமான மேகம் அந்த விளிம்பை மறைக்கலாம் என்றது இன்னொன்று. இரும்போடு வேறு பல தனிமங்களும் அதே சாய்வைக் காட்டியபோது, இரும்பு உறைவதை மட்டும் காரணமாகச் சொல்வது கடினமாயிற்று.

ஊரில் பேசப் போகும்போதெல்லாம் முதல் கேள்வி, “அங்கே நிஜமாகவே இரும்பு மழை பெய்கிறதா?” என்பதுதான். ஒரு விளிம்பில் இரும்பு காணவில்லை என்பது உறுதி, மழை அதற்கு ஒரு விளக்கம், வேறு விளக்கங்களும் களத்தில் உள்ளன என்றே பதில் சொல்வேன். கேட்டவர் முகத்தில் சற்று ஏமாற்றம் தெரியும். ஆனால் குளிர்ச்சியா, மேகமா, மழையா என்று ஒரு விளிம்பின் ஒளியை வைத்துக்கொண்டு வாதாட முடிகிற நிலைக்கு வந்திருப்பதே பெரிய செய்தி என்று விளக்கினால் பெரும்பாலோர் இன்னும் ஆர்வத்தோடு கேட்கிறார்கள்.

இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஒரு பொருளைக் காணவில்லை என்று எழுதுவதற்கு முன், அதே தரவுக்குள் நாங்களே ஒரு செயற்கைக் குறியைச் செலுத்துவோம். இவ்வளவு டைட்டானியம் இருந்திருந்தால் நிறமாலை எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, கோளின் வேகத்திலேயே அதைக் கலந்து, எல்லாச் சுத்திகரிப்பையும் மறுபடி முதலிலிருந்து செய்வோம். செலுத்திய குறி திரும்பக் கிடைத்தால்தான், இந்த அளவுக்கு மேல் டைட்டானியம் அங்கே இல்லை என்று சொல்லும் தகுதி வரும். கிடைக்காவிட்டால், நம் தரவு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வல்லமை இல்லாதது என்று அர்த்தம். சலிப்பூட்டும் வேலை, செய்தியாகவும் வராது. ஆனால் வாஸ்ப்-121பி-யில் டைட்டானியத்தைக் காணாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்து தங்கள் எல்லையை எண்ணாக எழுதிவைத்ததால்தான், ஏதோ ஓர் இடத்தில் அது ஒளிந்திருக்க வேண்டும் என்று மற்றவர்கள் உறுதியாகத் தேட முடிந்தது.

சிலியில் செர்ரோ அர்மசோனெஸ் மலையில் 39 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி எழும்பிக்கொண்டிருக்கிறது. இன்று ஓர் இரவு முழுவதையும் கூட்டிப் பார்த்துக் காண்பதை அது சில நிமிடங்களில் காட்டக்கூடும். அப்போது சூடு குறைந்த, சிறிய கோள்களை நோக்கித் துறை நகரும். அங்கே காற்று மெல்லியது, குறிகள் நொய்மையானவை. காணவில்லை என்ற பதில்தான் மிகுதியாக வரும். அதிவெப்ப வியாழன்கள் எங்களுக்குத் தந்த பயிற்சி அப்போதுதான் முழுதாகப் பயன்படும்.

அதனால் என்னிடம் வரும் மாணவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைக்கிறேன். கண்ட தனிமங்களின் அட்டவணைக்குப் பக்கத்திலேயே, காணாதவற்றின் அட்டவணையும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று செய்தி வேண்டும்: எந்த அளவு வரை தேடினோம், அந்த வெப்பத்தில் அது எந்த உருவில் இருக்கும், இரவில் எந்தத் துகளோடு சேரும். ‘இதைப் பின்னிணைப்பில் வைத்துவிடலாமா?’ என்று கேட்பார்கள். கூடாது என்பேன். அடுத்துத் தேடப் போகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான்.